முதலில் கேட்பவன்

கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் வாசித்துக் காட்ட ஒரு சிநேகிதன் கிடைத்தால், எழுத்தாளன் பாதி பிழைத்துக்கொள்வான். அவன் பாராட்ட வேண்டும் என்பதில்லை. கொட்டாவி விட்டாலும் விமர்சனம்தான், அதுவும் காசில்லாமல்.

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் எழுத வருகிறவர்களுக்குத் தனி அறை ஏது? வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பிராவின் (அறையின்) இருமல்கூடக் கேட்கும். பகல் மலை வேலைக்குப் போய்விடும்; இரவில் பிளேன்டித் தேநீர் ஆறுவதற்குள் இரண்டு பக்கம். "நம்ம கங்காணி இப்படிப் பேச மாட்டாரே" என்று கேட்பவன் சொன்னால் அந்த வசனம் அடிபட்டுப்போகும். படித்தவர் கண்ணுக்குத் தப்பும் பொய், கூட வேலை செய்கிறவனின் காதுக்குத் தப்பாது.

தோட்டத்தை விட்டு விலகாத எழுத்துக்கு ஓர் உதாரணம்: பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் ஜோசப், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் இலக்கிய விருது 'தெளிவத்தை ஜோசப்' என்ற பெயரைத் தேடி வந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் விருதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் பக்கத்துக் காம்பிராவில் வாசித்துக் காட்டட்டும். கதையில் வரும் ஆட்களை அங்கே எல்லோருக்கும் தெரியும்.