நீற்றறையும் தண்ணீர்ப் பந்தலும்

ஏசி எந்த அறையிலும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. வீடுகளில் பரவலாகப் பொருத்தப்படும் ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும்; அதற்குச் சுமார் 1 கிலோவாட் மின்சாரம் தின்னும். அந்த மின்சாரமும் முடிவில் வெப்பமாகவே மாறுவதால், சுவருக்கு அப்பால் தெருப்பக்கம் வந்து விழுவது 4.5 கிலோவாட். கடையில் சொல்லும் விலை, பொருத்துகூலி, மாதாமாதம் வரும் மின்கட்டணம் எல்லாம் வாங்கியவர் கணக்கு. வெளியே விழும் சூடு யார் கணக்கு?

நுவரெலியாவில் நின்று இதைக் கேட்பது விந்தையாகத் தோன்றலாம். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் சில நாள் புல்லில் உறைபனி படியும். இங்கே யாரும் ஏசி வாங்குவதில்லை. ஆனால் உடலின் வெக்கைக்கு விலை கொடுத்துத் தப்புவது தகுமா, அந்த விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு மலையகத்தைப் போல விவரமாகப் பதில் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு.

சைவ மரபில் இக்கேள்விக்குச் சட்டென நினைவுக்கு வரும் விடை அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர். பல்லவ மன்னன் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்து வைத்தான் என்கிறது பெரியபுராணம். வெந்து போயிருப்பார் என்று கதவைத் திறந்தவர்கள் அவர் மகிழ்ந்திருக்கக் கண்டார்கள். இறைவன் திருவடி நிழல் அவருக்கு நிலவும் தென்றலுமாக இருந்தது. குளிர்ச்சி மனத்தில் இருக்கிறது, உடலை வருத்தும் சூடும் குளிரும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை என்று பிரசங்க மேடைகளில் இக்கதையிலிருந்து பாடம் எடுப்பதுண்டு. ஞானிகளுக்கு அது மெய்தான். ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே சொல்லப்படுகிறது. தகரக் கூரையின் கீழ் இருப்பவரிடம் பொறுமையைப் போதிப்பவர், காளவாய்க் கதவைச் சாத்தியவனின் பக்கம் போய் நிற்கிறார்.

அதே பெரியபுராணத்தில், அதே அப்பரைச் சுற்றியே, இன்னொரு கதை இருக்கிறது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் நாவுக்கரசரை நேரில் பார்த்ததே இல்லை. அவர் பட்ட துன்பங்களையும் அவற்றைக் கடந்த விதத்தையும் கேள்விப்பட்டு, தம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தார். பிறகு வழிநடையாளர்களுக்காக அதே பெயரில் தண்ணீர்ப் பந்தல் போட்டார். கோடையில் மண்பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிப் பானைக்குள் இருப்பதைக் குளிரவைக்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு நன்றாக. பாலை நாடுகளில் ஏசிக்குப் பதிலாக வைக்கிற, அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஈரக்காற்றுப் பெட்டியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. காளவாயிலேயே குளிர்ந்திருந்தவர் பெயரால் ஊருக்கெல்லாம் நிழலும் தண்ணீரும்! அந்த வழியாக வந்த அப்பர் பந்தலைப் பார்த்தார். வழிப்போக்கர்கள் தாகத்தைப் பொறுக்கப் பழகட்டும் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று மட்டுமே கேட்டார்.

தன் உடலுக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம். பிறர் உடலுக்கு வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் சைவம் இதில் என்ன சொல்கிறது என்பது துலங்குகிறது.

மலையகத்துக்கு வருவோம். குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஆங்கிலேயர் குளிரைத் தேடி மலை ஏறினார்கள். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை வெள்ளைப் படைவீரர்கள் நோய் தேறும் இடமாக்கி, தமக்கும் ஒரு மாளிகை கட்டினார்; இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் அங்கே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தையே நிறுவினார். 1876இல் ஹில் கிளப் வந்தது. கொழும்பின் புழுக்கத்திலிருந்து அவர்களுக்குக் கிடைத்த விடுதலைக்குப் பாதை வேண்டும், தோட்டம் வேண்டும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காலராவும் பசியும் வழியெங்கும் ஆட்களைத் தின்றன. அந்தப் பாதை நெடுகிலும் எத்தனை அப்பூதியடிகள் வேண்டியிருந்தார்கள்! ஏறி வந்தவர்களுக்கோ மலைக்குளிர் ஒரு தண்டனை. அவர்களுக்குத் தரப்பட்ட கம்பளியின் விலை பற்றுக் கணக்கில் ஏறியது. கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டோடு ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்படும் முறை 1921 வரை நீடித்தது. ஒரே குளிர், துரைக்கு ஆரோக்கியம், தொழிலாளிக்குக் கடன்.

இதைவிட நெஞ்சைச் சுடும் ஒன்று தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே இருக்கிறது. உலகின் முதல் நவீன ஏசியை வில்லிஸ் கேரியர் 1902இல் நியூயோர்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்தார். ஈரக்காற்றில் காகிதம் சுருங்கி விரிந்து நிறங்கள் பிசகாமல் இருப்பதற்காக வந்த ஏற்பாடு அது. மனிதர் சுகம் பிறகுதான் வந்தது. தேயிலையிலும் அப்படியே. பறித்த கொழுந்து வாட விசிறிகள் காற்றை அளந்து தள்ளுகின்றன. அரைத்த இலை புளிக்கும் அறையில் ஈரமும் தண்மையும் குறையாமல் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. கொழுந்துக்கு எந்தக் காற்று ஏற்றது என்று நூறு ஆண்டுக்கு மேலாக ஆராய்ந்தவர்கள், அதைப் பறித்தவள் படுக்கும் காம்பராவின் காற்றை ஆராயவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேலே தகரம், உள்ளே விறகுப் புகை. வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும். இரவில் அதே தகரம் பனியைக் கீழே இறக்கும்.

2024 செப்டம்பரில் அடிப்படை நாள் கூலி 1,350 ரூபாய் ஆனது. இலங்கையில் ஓர் ஏசியின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தக் கூலியில் எழுபது நாளுக்கு மேல். மலையகத்துப் பெண்கள் அந்தக் கருவியைச் சந்திப்பது பெரும்பாலும் வேறொருவர் வீட்டில். கொழும்பிலும், அதைவிட அதிகமாக சவூதி, குவைத், கட்டார் போன்ற நாடுகளிலும் அவர்கள் வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். அங்கே கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். ஏசி இல்லாமல் வாழ முடியாது என்பது அங்கே ஆடம்பரப் பேச்சாகாது. ஆனால் உலகின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2018இல் சர்வதேச எரிசக்தி முகமை சொன்னபடி, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஏசி உண்டு. உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடிப் பேரில் 8 சதவீதத்தினரிடம்தான் உண்டு. கொட்டப்படும் சூடும், மின்நிலையங்கள் கக்கும் கரியும், கசியும் குளிர்வாயுவும் எல்லோருக்கும் பொதுவில் போகின்றன.

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது திறந்தவெளிக்கு மட்டும். அடுப்படியில் நிற்பவளையும், மொட்டைமாடியை ஒட்டிய சிற்றறையில் படுப்பவளையும் அது எட்டாது. வரவேற்பறையை 22 பாகையில் வைத்துத் துடைத்துப் பளபளக்கச் செய்பவள் இரவில் எத்தனை பாகையில் உறங்குகிறாள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கேட்க வைக்கலாம். ஹட்டனிலிருந்து புறப்படும் பெண்ணின் ஒப்பந்தத்தில் சம்பளமும் காலமும் எழுதப்படுகின்றன. படுக்கும் அறையின் குளிர்ச்சியையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதும்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை வற்புறுத்தலாம். தோட்டக் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் சபைகள் இதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். மாரியம்மனைக் குளிர்விக்க வேப்பிலையும் மஞ்சள்நீரும் சுமக்கிற கைகள், ஒரு மனு எழுதி ஊரார் கையொப்பம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பவும் போதும்.