நாலு மாத வாடகை

தமிழில் இரண்டு சொற்கள் என்னை அடிக்கடி யோசிக்க வைக்கின்றன. ஒன்று ‘கடன்’, மற்றொன்று ‘நாணயம்’. பிறரிடம் வாங்கிய பணமும் கடன்தான். மனிதன் செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். பணமும் குணமும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து குடியிருக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவை இரண்டும் எப்போது பிரிந்து தனிக்குடித்தனம் போயின என்பதுதான் என் கேள்வி.

2021-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நண்பர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து வருஷமாகக் குடியிருப்பவர். கீழே வீட்டுக்கார அம்மாள். கணவர் காலமாகிவிட்டார். மாடியிலிருந்து மாதா மாதம் வரும் ஒன்பதாயிரம் ரூபாய்தான் அந்த அம்மாளின் ஜீவனம்.

“வீட்டுக் கடனுக்கு பாங்க்கில் மனுப் போடப் போகிறேன். போன வருஷம் நாலு மாசம் வாடகை கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தேன். அது இடைஞ்சலாக வருமா, சார்?” என்று கேட்டார்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் பேசப் பேசத் தெரிந்தது. இதற்கு விடை அவருக்கே தெரியும்.

நம் நாட்டில் ஒருவன் கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கை மதிப்பிட்டு, முன்னூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள் ஓர் எண் கொடுக்கிறார்கள். சிபில் மதிப்பெண் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பாங்க்குக் கடனில் ஒரு தவணை தவறினாலும் அது அந்தக் கணக்கில் ஏறும். வீட்டு வாடகை பொதுவாக ஏறுவதில்லை. குடியிருப்பவனுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் நடப்பது அந்தப் பேரேட்டின் கண்ணில் படாது.

பிறகு எதில் தெரியும்? பாங்க்கு கேட்கும் ஆறு மாதக் கணக்கு அறிக்கையில் தெரியலாம். மாதம் பிறந்ததும் போய்க்கொண்டிருந்த தொகை திடீரென்று நின்றிருந்தால் அதிகாரி ஏன் என்று கேட்கலாம். நண்பர் அதையும் யோசித்து வைத்திருந்தார். வாடகை நின்றது 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஆகஸ்டிலிருந்து தவறாமல் கொடுத்திருக்கிறார். பிப்ரவரியில் மனுப் போட்டால் முந்தின ஆறு மாதமும் பழுதில்லாமல் இருக்கும்.

“அப்படியானால் ஒரு இடைஞ்சலும் இல்லையே!” என்றேன். அவர் எழுந்து போகவில்லை. கேட்க வந்த கேள்வி வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 27-ல் ரிஸர்வ் பாங்க்கு கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க அனுமதித்தது. பிறகு அதை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. அப்படி ஒத்திவைப்பது கட்டத் தவறியதாகக் கணக்கில் ஏறாது என்றும் சொன்னது. ஆனால் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2021 மார்ச் 23-ல் போடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. 2020 மார்ச் 29-ல் மத்திய அரசு இன்னோர் உத்தரவு போட்டது. வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடமும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களிடமும் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது என்றது அந்த உத்தரவு.

கூலி நின்றுபோய், அடுப்பும் அணைந்துபோனவனுக்காகப் பிறந்த உத்தரவு அது. அவன் வாடகை கொடுக்காததை யாராவது குற்றம் என்றால் அவர் மனிதரே அல்ல. என் நண்பரின் நிலை வேறு. கம்பெனியில் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். பாதி வந்துகொண்டுதான் இருந்தது. பத்திரிகையில் உத்தரவைப் படித்தார். அது தமக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டார். வீட்டுக்கார அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாளும் கேட்கவில்லை. ஒரு மாதம் நாலு மாதமாயிற்று.

தாம்பரத்துக்கு அப்பால் அவர் பார்த்திருந்த வீட்டின் விலை முப்பது லட்சம். இருபத்தேழு லட்சம் பாங்க்கு கொடுக்கும். மீதி மூன்று லட்சம் கையிலிருந்து போட வேண்டும். அந்த மூன்று லட்சத்தில் முப்பத்தாறாயிரம் கொடுக்காத வாடகை! இதைத்தான் அவர் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

“கொடுத்துவிடுங்களேன்” என்றேன். “கடன் வரட்டும், சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து, விசாரிப்பதற்காக பாங்க்கிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். மாடி பூட்டியிருக்கவே, கீழே அந்த அம்மாளிடமே விசாரித்திருக்கிறான். கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய நண்பரின் மனைவி வாசற்படி அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆள் எப்படிம்மா?”

“நல்ல மனுசன். அஞ்சு வருசமா இருக்காரு. ஒரு தொந்தரவு கிடையாது.”

“வாடகை ஒழுங்கா கொடுக்கிறாரா?”

“கொடுக்கிறாரு.”

‘கொடுக்கிறார்’ என்பது நிகழ்காலம். அதில் பொய் இல்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் மனு நின்றிருக்கலாம். அந்த அம்மாள் கூட்டவில்லை.

அன்று இரவே நண்பர் முப்பத்தாறாயிரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். “ஏம்மா, அந்த நாலு மாசத்தைச் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“பாங்க்குக்காரன் உங்களைப் பத்தித்தானே தம்பி கேட்டான்? நமக்குள்ள இருக்கிறதை அவங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்றாள் அந்த அம்மாள். பணத்தை எண்ணிக்கொண்டே, “மருந்துக்கடையில அப்ப கடன் சொல்லியிருந்தேன். மிச்சத்தை நாளைக்கே கொடுத்துடறேன்” என்றும் சொன்னாளாம்.

நண்பர் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துபோயிற்று.

நிறுத்தி வைத்தேன் என்கிறோமே, எது நின்றது? பாங்க்கு தவணையை நிறுத்திவைத்தால் வட்டி கடனாளியின் கணக்கிலேயே ஏறுகிறது. வாடகையை நிறுத்தி வைத்தபோது அது மாடியிலிருந்து இறங்கி ஒரு கிழவியின் தலையில் உட்கார்ந்தது. அங்கிருந்து மருந்துக்கடைக்காரரிடம் போயிற்று. நிற்கவேயில்லை. நம்மைவிட எளியவர் தோளுக்கு மாறிற்று, அவ்வளவுதான்.

பாங்க்கின் மேல் எனக்குக் கோபமில்லை. ஊரார் போட்ட பணத்தைக் கடன் கொடுக்கிறவர்கள் எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபேனி மே என்ற பெரிய வீட்டுக்கடன் நிறுவனம், 2021 செப்டம்பரிலிருந்து ஒழுங்காக வாடகை கொடுத்ததையும் மனுதாரருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் பேரேடு பார்க்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்கிறவனுக்குக் காசுதான் நாணயம். குணம் அதற்குள் குடிவரவில்லை.

கஷ்டம் எல்லோருக்கும் வரும். வாடகையை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், படியிறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு பாங்க்கு அதிகாரி கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும். அதைவிட முக்கியம், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவிலிருக்கும் படிக்கட்டில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

நண்பர் இப்போது சொந்த வீட்டில் இருக்கிறார். மாதத் தவணை தவறுவதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி வில்லிவாக்கம் போய் அந்த அம்மாளுக்கு ஒரு புடவை கொடுத்துவிட்டு வருகிறார். “இன்னும் அடையாத கடன் சார், அது” என்கிறார்.

எந்தக் கடனைச் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை.