அளவுகோலும் அடுப்பங்கரையும்

பசித்தவருக்குச் சோறிடுவது தர்மம் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததில்லை. பசித்தவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற வினா எழும்போதுதான் தர்மம் சிக்கலாகிவிடுகிறது. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் அவ்வினாவுக்கு அயல்வீட்டாரே விடை சொன்னார்கள். இன்றோ, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மாதந்தோறும் கிடைக்கும் உதவித்தொகை, கடல்கடந்த நகரங்களில் கடன் கொடுப்போரும் வாங்குவோரும் கூடியிருந்து எழுதும் உடன்படிக்கைகளின் நிழலில் நிர்ணயமாகிறது. இது நியாயமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க விஷயம்.

உலகச் சந்தையின் கை இலங்கையின் சோற்றுப் பானைக்குள் நுழைந்தது நேற்று நிகழ்ந்த காரியமன்று. 1942இல், உலக யுத்தத்தின் நெருக்கடியில் தொடங்கிய பங்கீட்டு அரிசி, யுத்தம் முடிந்த பின்னர் குடிமக்களின் உரிமையாகவே வேரூன்றிவிட்டது. கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த இறப்பர் விலை சரிந்து, இறக்குமதி அரிசியின் விலை ஏறி, திறைசேரி வறண்ட வேளையில், 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், எல்லோருக்கும் பொதுவாயிருந்த பங்கீடு வறியவருக்கு மட்டுமென ஒடுங்கி, 1979இல் உணவு முத்திரையாக மாறிற்று. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே நிற்க, கடையில் விலை ஏற ஏற, அதன் பெறுமதி ஆண்டுக்காண்டு கரைந்தது. பின்னர் வறியோருக்கான உதவித் திட்டங்களாக ஜனசவியவும், 1995இல் சமுர்த்தியும் வந்தன. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென 2022இல் அறிவித்த நாடு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனைப் பெற இணங்கியது. அவ்வாண்டு ஜூலையில், சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக அஸ்வெசும என்னும் புதிய உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று.

கடன் கொடுத்தோர் பக்கத்து நியாயத்தை முதலில் நேர்மையாகக் கேட்கவேண்டும். சமுர்த்திப் பட்டியலில் கட்சி விசுவாசத்துக்கு இடமிருந்தது என்பதும், நிலை உயர்ந்தவர்கள் அதில் நீடிக்க, மெய்யாகவே வறியவர் பலர் வெளியே நின்றார்கள் என்பதும் பொய்யல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு வகையாலும் எல்லோரையும் ஒரே கோலால் அளந்தால், அரசியல்வாதியின் தயவுக்காக எவரும் வாசலில் நிற்கவேண்டியதில்லை. தொடக்கத்தில் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளாகத் தொகை வகுக்கப்பட்டது. சமூக உதவிச் செலவு ஒரு மட்டத்துக்குக் கீழே போகலாகாதென்று கடன் உடன்படிக்கையே விதித்தது. இவை அற்பமான நன்மைகள் அல்ல.

ஆயின் அந்தக் கோல், மேற்சொன்ன மாவட்டங்கள் அடங்கிய வன்னி மண்ணில் ஊன்றப்படும்போது நிகழ்வது என்ன? 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பில், நாடு முழுவதிலும் வறியவர் நூற்றுக்கு 14.3 பேராக இருக்க, முல்லைத்தீவில் 44.5 பேராக இருந்தனர். 2009இல் முடிந்த உள்நாட்டு யுத்தத்தில் சகலத்தையும் இழந்து, இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் கிடந்து, வெறுங்காணிக்கு மீண்ட குடும்பங்கள் இங்கு அநேகம். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அது போதாமையால் நகையை அடகுவைத்தும் கைமாற்று வாங்கியும் பலர் வீட்டை முடித்தார்கள். படிவத்தில் பதிவாவது சீமெந்துச் சுவர்; அதை எழுப்பிய கடனைச் சுவர் சொல்வதில்லை.

பிரதேச செயலகத்தின் விறாந்தையில், அடையாள அட்டைப் பிரதியும் மின்சாரப் பட்டியலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் அடுக்கிய பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு, காலை எட்டு மணி தொட்டுக் காத்திருக்கும் ஒரு தாயை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் அமர்ந்து நீதி கேட்டார்களே, அவர்களில் ஒருவராகவும் அவர் இருக்கலாம். கணவரைப் பற்றிய கட்டத்தில் அவர் எதை எழுதுவார்? இறந்துவிட்டார் என்று எழுத மனம் ஒப்பவில்லை. இருக்கிறார் என்று எழுதினாலோ, உழைப்பவர் ஒருவர் வீட்டில் உண்டென்று கணக்காகிவிடக்கூடும். கனடாவிலோ சுவிஸிலோ உறவினர் உள்ள அயல்வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் வருகிறது. அந்த அன்பு போற்றத்தக்கதே, எனினும் வெளியில் எவருமற்ற இந்த வீட்டுக்கு அரசையன்றி வேறு கதி இல்லை.

இவ்விடத்தில் இருவகைப் பிழைகளைத் தராசில் இட்டுப் பார்க்கவேண்டும். தேவையற்றவருக்குக் கொடுப்பது ஒரு பிழை. தேவையுள்ளவருக்கு மறுப்பது மற்றொரு பிழை. முன்னையதால் போவது பணம். அதை அடுத்த ஆண்டில் திருத்தலாம். பின்னையதால் போவது வளரும் குழந்தையின் உணவு. தேயாத எலும்பும் தெளிந்த அறிவும் பெறவேண்டிய அந்த வயது மீண்டும் வாராது. ஆதலால் ஐயம் எழுமிடத்தில் கோல் கொடுக்கும் பக்கமே சாயவேண்டும். நாட்டின் கடன் பத்திரத்தில் கையொப்பமிடாத, அப்பணத்தைக் கண்ணாலும் காணாத ஒரு தாய், அக்கடனின் முதல் தவணையைத் தன் பிள்ளையின் சோற்றிலிருந்து செலுத்துவது எந்த சாஸ்திரத்தாலும் தர்மமாகாது. அதற்காகப் பழியை அந்நியர்மேல் மாத்திரம் சுமத்திவிட்டு, கடனை வாங்கிச் செலவிட்ட அரசு தன் கையைக் கழுவிக்கொள்ளவும் இயலாது.

உலகம் கடன் தரலாம், கோலையும் தரலாம். இறுதித் தீர்ப்பை மட்டும், அந்த வீட்டின் வாசலில் நின்று அடுப்பைப் பார்க்கக்கூடிய, கேட்டால் முகம்கொடுத்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர்களே வழங்கவேண்டும். 2023இல் அஸ்வெசும பயனாளிகள் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தமை இதையே உணர்த்திற்று. மேன்முறையீடு எழுதவும் அறியாதவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். எழுத்தறிந்தவர்கள் தம் ஊரில் அத்தகைய ஒருவரைத் தேடிச்சென்று, அவர் சொல்லக் கேட்டு, அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பார்களாக.