பழனியம்மாளின் ஸ்பெல்லிங்

பழனி மலையை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் முதல் எழுத்துக்குப் பிறகு யூ போட்டு எழுதினார்கள். 'கப்', 'கட்' எல்லாவற்றிலும் யூ தானே அகரமாக ஒலிக்கிறது, அந்தக் கணக்கு. பிறகு யூ போய் ஏ வந்தது. 1985-ல் கொடைக்கானலில் தொடங்கிய மலைப் பாதுகாப்புக் கவுன்சில் இங்கிலீஷில் 'பல்னி'தான். எல்லுக்குப் பிறகு இன்னொரு ஏ சேர்ப்பவர்கள் உண்டு. ழகரத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இசட்-ஹெச் போடுகிறார்கள். அடிவாரத்தில் பலர் வாயில் அது 'பளனி'தான் என்பது வேறு விஷயம்.

இதில் எது தப்பு?

கொடைக்கானலில் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்து ஏறிய அமெரிக்க மிஷனரிகள். ஆண்டதோ பிரிட்டிஷ்காரர்கள். ஆக, 'கலர்' என்ற சொல்லில் யூ வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே ஏரியைச் சுற்றி நடந்திருப்பார்கள். நோவா வெப்ஸ்டர் தன் 1828 அகராதியில் அந்த யூ-வை வெட்டியதை நாட்டுப்பற்று என்கிறோம். அதே மலையில் ஒரு கடைக்காரர் 'ஸ்டேஷனரி' பலகையில் ஈ வர வேண்டிய இடத்தில் ஏ போட்டுவிட்டால், "நகராத கடை" என்று போட்டோ எடுத்துச் சிரிக்கிறோம்.

என் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரவுசர் சொல்லும் வரிக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதில் ஒரு ஆர் குறைவு. 1996-ல் வந்த எச்டிடிபி ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சரியாக எழுதினால்தான் புரோகிராம் வேலை செய்யாது! இதற்கு யாரும் கோபப்படுவதில்லை. உலகமே அனுசரித்துப் போகிறது.

2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி ஆணை போட்டது. கோயம்புத்தூருக்குக் கிடைத்த நீளமான ஸ்பெல்லிங்கைப் பார்த்துக் கேலி கிளம்பியது. சில நாளிலேயே ஆணை வாபஸ். ஆசை நியாயமானதுதான். ஆனால் அரசே தடுமாறுகிற இடத்தில் தனி மனுஷி என்ன செய்வாள்?

பழனியம்மாள் என்று ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்புக்கில் இன்னொன்று. இரண்டையும் டைப் செய்தது அவர் இல்லை. அவருக்குத் தெரிந்த எழுத்தில் அவர் பெயர் எப்போதும் ஒன்றேதான். ஆனாலும் "பேர் மேட்ச் ஆகலம்மா" என்று திருப்பி அனுப்பப்படுவது அவர்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற அந்த புரோகிராமை எழுதுகிறவர்கள் என்னை மாதிரி ஆட்கள். அந்த ஒற்றை ஆருக்காக நாங்கள் இத்தனை வருஷமாக வளைந்து கொடுக்கிறோம். பழனியம்மாளை மட்டும் பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொல்கிறோம்.