நேரும் நேர்மையும்

'நேர்' என்னும் சொல்லிலிருந்தே 'நேர்மை' என்னும் சொல் பிறந்தது. கோணாத கோட்டுக்கும் கோணாத மனத்துக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்தனர் நம் முன்னோர். நாம் குடியிருந்து வாழும் இம்மலையாள நாட்டிலோ அச்சொல் இன்னும் ஒரு படி மேலேறி, 'நேரு' என்றாலே உண்மை என்று பொருள்படுகிறது. இவ்விரு பொருளையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. கிட்டிய இடம் புலவர் கூடிய அவையன்று. எண்ணெய்க் கறை படிந்த மோட்டார்ப் பணிமனை.

வண்டி இழுத்த பக்கம்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாகர்கோவில் சாலை என்பது உறவின் சாலை. 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழ்ந்தோர் இங்கேயே தங்கினர். அன்றுதொட்டு மணவிழாவுக்கும் துக்கத்துக்கும் நாம் ஓடுவதும் திரும்புவதும் அந்த வழியில்தான்.

சென்ற இடவப்பாதி மழையின்போது உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நெய்யாற்றின்கரையை நெருங்குகையில், நீர் நிறைந்து கண்ணுக்குப் புலப்படாதிருந்த பள்ளமொன்றில் நம் சிறிய காரின் முன்சக்கரம் விழுந்து எழுந்தது. மறுநாள் முதல் வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கிற்று. பிடியைச் சற்றே தளர்த்தினால் போதும், சாலையோரத்தை நாடிச் சென்றது.

பணிமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளைஞர் சக்கரங்களில் கருவிகளைப் பொருத்தினார். கணினித் திரையில் சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடின. சிறிது நேரத்தில் ஒரு தாளை நீட்டினார். லோயர் ஆர்ம் இரண்டு, டை ராடு எண்ட் இரண்டு, கேம்பர் திருத்தம், வீல் அலைன்மெண்ட், பாலன்சிங் என வரிசை நீண்டு, அடியில் ரூ. 18,400 என்று நின்றது. "இன்னே செய்யணும் சாரே, இல்லெங்கில் அபகடமாணு" என்று எச்சரிக்கையும் கூறினார்.

நமக்குச் சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும்? அது உருளும் என்பது தெரியும், அவ்வளவே. வீட்டுக்கு வந்து சொன்னபோது இல்லத்தார், "நாம் பேசுகிற மலையாளத்தைக் கேட்டதுமே அண்ணாச்சி என்று கண்டுகொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்த விலை" என்றார். நமக்கும் அது மெய்யென்றே பட்டது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. நம் மனமும் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியதை அப்போது நாம் உணரவில்லை.

மற்றொருவர் கூறிய நேரு

நண்பரொருவர் ஆற்றுக்கால் செல்லும் வழியில் சிறு பணிமனை நடத்தும் முதியவர் ஒருவரிடம் அனுப்பினார். அவரும் மலையாளிதான், நம்முடைய மலையாளத்தை அவரும் கேட்டார். முதலில் டயர்களின் காற்றழுத்தத்தை அளந்தார். பின்னர்க் குனிந்து, முன்சக்கர டயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தார். சக்கரத்தை உயர்த்தி இருபுறமும் அசைத்து, மூட்டுகளில் ஆட்டம் உண்டா என்று நோக்கினார். பிறகு முன்சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டி வண்டியை ஓட்டச் சொன்னார். என்ன வியப்பு! இப்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது.

"நேரு பறயாம் சாரே, குற்றம் டயருடையது" என்றார் முதியவர். நான்கு மாதங்களுக்கு முன் நாம் மாற்றிய டயர்களுள் ஒன்று உட்கட்டில் சற்றே ஒருபுறம் சாய்ந்து, கூம்புபோல் உருண்டு வண்டியை இழுத்திருக்கிறது. அதனைப் பின்சக்கரத்துக்கு மாற்றியதும் இழுப்பு நின்றது. பள்ளத்தில் விழுந்ததால் சக்கரங்களின் நோக்கும் சிறிது பிறழ்ந்திருந்தது; அதற்குச் சாதாரண அலைன்மெண்ட் போதும், எந்த உறுப்பையும் மாற்ற வேண்டியதில்லை என்றார்.

நாம் கேட்டதற்கிணங்கப் பொறுமையாக விளக்கவும் செய்தார். மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கும் அளவு 'டோ'. முன்னின்று பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவு 'கேம்பர்'. சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. டோ பிறழ்ந்தால் டயரின் பள்ளவரிகள் இறகுபோல் ஒருபுறம் கூராகத் தேயும். கேம்பர் பிறழ்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் தேயும். நம்முடையது போன்ற சிறிய கார்கள் பலவற்றில் எளிதாகத் திருத்தக்கூடியது டோ ஒன்றே. ஒருபுறம் இழுப்பதற்கோ காற்றழுத்தம், டயர், பிடித்துக்கொண்ட பிரேக், சாலையின் சரிவு எனப் பல காரணங்கள் இருக்கலாம். எளியதை முதலில் பார்த்து, அரியதை இறுதியில் பார்ப்பதே முறை என்றார்.

கூலி எவ்வளவு என்றோம். "நூறு ரூபா மதி" என்றார். கொடுத்தோம். ரூ. 18,000-க்கு மேல் மிஞ்சிய மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

உறங்கவிடாத கணக்கு

அன்றிரவு அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தேவையற்ற உறுப்புகளை விற்க வந்தவருக்கு ரூ. 18,400 கொடுக்க ஏறத்தாழ ஒருப்பட்டிருந்தோம். உண்மையைக் கண்டு சொன்னவருக்கு 100 ரூபாயை நீட்டிவிட்டு வந்தோம். 'ஒன்றும் மாற்ற வேண்டாம்' என்னும் சொல்லுக்கு நாம் வைத்த விலை அதுதான். அச்சொல்லைச் சொல்வதற்கு அம்முதியவருக்கு வேண்டியிருந்தது எத்தனை ஆண்டுப் பயிற்சி! பொருளுக்குப் பணம் தருகிறோம்; அறிவுக்கும் நேர்மைக்கும் நன்றி மட்டும் கூறிவிட்டு நடக்கிறோம். பிறகு நேர்மை குறைந்துவிட்டதென்று மேடைதோறும் வருந்துகிறோம்.

பொருளியலார் இந்நிலையை ஆராய்ந்துள்ளனர். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இருவர், வாங்கிய பின்னரும் தேவைதானா என்று வாங்கியவரால் தெளிய இயலாத பணிகளைத் தனிவகையாகப் பிரித்துக் காட்டினர். பழுதைக் கண்டுரைப்பவரும் அதைத் தீர்த்துக் கூலி பெறுபவரும் ஒருவராகவே இருக்கும் தொழில்கள் இவை. இவற்றில் வாங்குவோர் உண்மையில் வாங்குவது நம்பிக்கையையே.

அந்நம்பிக்கை எவ்வாறு சிதையும் என்பதற்கு அமெரிக்காவில் 1992-இல் நிகழ்ந்ததைக் கூறலாம். சியர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் கார்ப் பணிமனைகள் தேவையற்ற பிரேக் வேலைகளையும் வீல் அலைன்மெண்டையும் மக்கள் தலையில் கட்டின என்று கலிபோர்னியா அரசு குற்றம் சாட்டியது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் புகார்கள் எழுந்தன. அங்குப் பணியாற்றியோர் எல்லாரும் தீயவரா? அல்லர். வருவாய் குறைந்த காலத்தில் நிருவாகம், ஒவ்வொரு பணிவேளைக்கும் இத்தனை அலைன்மெண்ட், இத்தனை ஸ்பிரிங், இத்தனை பிரேக் வேலை விற்கவேண்டும் என்று இலக்கு வைத்து, விற்பனைக்கேற்பத் தரகும் கொடுத்தது. கோணலான கட்டளைக்குக் கீழே நேரான மனிதரும் கோணிப்போயினர். பின்னர் நிறுவனம் அம்முறையைக் கைவிட்டது.

நமக்குத் தாள் நீட்டிய இளைஞரை இப்போது நினைத்துப் பார்க்கிறோம். அவர் தலைக்கு மேலும் ஓர் இலக்கு தொங்கிக்கொண்டிருந்ததோ என்னவோ! நாமோ அதனை அறிய முயலாமல், அவர் மொழியின்மீது பழியைப் போட்டோம். தனியொருவரின் பிழையை ஓர் இனத்தின் பிழையாக்குவது, வந்து குடியேறிய மக்களுக்கு எளிதில் பற்றும் நோய். நம் இழப்பையெல்லாம் அந்நோய் விளக்கிவிடும், ஒன்றையும் தீர்க்காது. உண்மை கூறிய முதியவரும் அதே மொழியில்தானே கூறினார்?

இரு தவறுகளுக்கு நடுவே

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை வள்ளுவர் இரண்டு தவறுகளைச் சுட்டி முடிக்கிறார். ஆராயாமல் நம்புதல் ஒன்று. ஆராய்ந்து நம்பியவரிடத்தே ஐயம் கொள்ளுதல் மற்றொன்று. இரண்டையும் அவர் ஒரே தட்டில் வைத்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பணிமனை வாயிலில் நாம் மாறி மாறி விழுவது இவ்விரு குழிகளில்தான்.

ஆகவே அறியாதவர்க்கும் ஒரு கடமை உண்டு. பழுதென்று சொல்லப்படும் உறுப்பைக் காட்டுமாறு கேட்கலாம். மாற்றிய பின் பழையதைத் திருப்பிப் பெறலாம். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டு வாங்கலாம். பெருஞ்செலவாயின் மற்றொருவர் கருத்தையும் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புக்கென 1986-இல் சட்டம் வந்தது. அதனிடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், செய்த பணிக்குப் பில் தராமையையும் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. இவற்றைக் கேட்பது அவமதிப்பாகாது. நேர்மையான தொழிலாளி கேள்விக்கு அஞ்சுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதித்துப் பார்த்தமைக்கு உரிய கூலியைத் தனியே, மனமுவந்து தரவேண்டும். உண்மை சொல்லியே ஒருவர் வயிறு நிறையுமானால், பொய்யை அவர் ஏன் நாடப்போகிறார்?

இத்துடன் நம் கடமை முடிந்ததா? இல்லை. இந்நகரத்துத் தமிழருள் மருத்துவர் உளர், ஆசிரியர் உளர், வணிகர் உளர், அலுவலக மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்போரும் உளர். அங்கெல்லாம் நாம் அறிந்தவர். எதிரே நிற்பவர் அறியாதவர். மருந்துச் சீட்டை நோக்கி விழிக்கும் முதியவளும், விண்ணப்பத்தைக் கையில் பிடித்து நிற்கும் கூலித் தொழிலாளியும் பணிமனையில் நின்ற நம்மைப் போன்றவரே. அவர்களுக்கு நாம் நீட்டும் தாளில் எத்தனை வரிகள் தேவையானவை?

மறுவாரம் அம்முதியவரிடம் மீண்டும் சென்றோம். அன்றைய சோதனைக்குரிய கூலியைத் தரவந்தோம் என்றபோது முதலில் மறுத்தார். நாம் வற்புறுத்தவே பெற்றுக்கொண்டார். அப்போது வேறொருவர் வண்டியின் கீழே படுத்திருந்த தம் உதவியாளனை அழைத்து, "முதலில் காற்றைப் பாருடா, பிறகு மற்றதைச் சொல்லலாம்" என்னும் பொருள்பட மலையாளத்தில் ஏதோ கூறினார்.

சக்கரத்தின் நேர் ஒருமுறை திருத்தினால் என்றும் நிற்பதன்று. ஓடும் வழியில் பள்ளங்கள் உண்டு. ஆகவே அவ்வப்போது அளந்து பார்க்கவேண்டும். மனத்தின் நேரும் அத்தகையதே.