சுமாராகப் படிக்கும் பெண்ணுக்கு எத்தனை கிலோமீட்டர்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு சொல் புழங்கத் தொடங்கிவிடும். 'நடைமுறை'. "ஆசைப்படலாம் டீச்சர், நடைமுறைக்கு ஒத்துவரணும்லா?" தென்காசி மாவட்டத்தில் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய 2018-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கல்லூரி விருப்பப் பட்டியல் போட்டுக்கொடுக்கிறேன். கணக்கு டீச்சருக்கு வந்து சேர்ந்த வேலை இது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 'நடைமுறை' என்ற சொல் ஒரு பையனைப் பற்றிப் பேசும்போது ஒரு பொருளும், பெண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு பொருளும் தருகிறது. பையனுக்கு அது மதிப்பெண்ணைக் குறிக்கிறது. பெண்ணுக்கு மதிப்பெண்ணையும் வீட்டையும் சேர்த்துக் குறிக்கிறது. சொல்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் சொல்வார்கள். பிள்ளையும் அது மதிப்பெண்ணின் குற்றம் என்றே நம்பிப் போய்விடும்.

முதல் பொருள் எளிது. கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 86 வாங்கிய பெண்ணுக்குக் கட் ஆஃப் 177. நல்ல மதிப்பெண்தான். பேப்பரில் படம் போடும் மதிப்பெண் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பட்டியல் போடும்போது சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்று பார்ப்பார்கள். அதைவிட ரேங்கைப் பார்ப்பது நல்லது. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லாருக்கும் மதிப்பெண் கூடும். ரேங்க் பொய் சொல்லாது. பொதுப் போட்டியில் எங்கே முடிந்தது, தன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எங்கே முடிந்தது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு விவரம் கையில் இருந்தால் போதும், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கலந்தாய்வு முறையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உன் முறை வந்ததும் உன் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. முதல் விருப்பம் நிரம்பிவிட்டதா, இரண்டாவதைப் பார்க்கும். அதுவும் இல்லையா, மூன்றாவது. எட்டாத கல்லூரி ஒன்றை முதலில் எழுதிவிட்டதால் ஒன்பதாவது விருப்பத்தில் உனக்குள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆகவே மேலே எழுதுவதற்கு அடக்கம் தேவையில்லை, கீழே எழுதுவதற்குத்தான் கவனம் தேவை. அந்த இயந்திரம் ஒரு பெண்ணிடம் கேட்பது ஒன்றே ஒன்று: உனக்கு எது அதிகம் வேண்டும், அதற்கடுத்து எது? பதினேழு வயதுப் பெண்ணிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்ட கேள்விக்கு வரும் பதில்தான் வேறாக இருக்கிறது. விருப்பத்தின் வரிசையைக் கேட்ட இடத்தில் வீட்டின் பயத்தின் வரிசை எழுதப்படுகிறது.

அந்த 177 வாங்கிய பிள்ளை ஒன்பது கல்லூரிகளோடு வந்தாள். ஒன்பதும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடக்கூடியவை. ஐந்தில் கல்லூரிப் பேருந்து அவள் தெருமுனைக்கே வரும். மூன்றில் சென்ற ஆண்டு அவள் ரேங்கைவிட வெகு கீழே உள்ளவர்களுக்கும் இடம் கிடைத்திருந்தது. அவளுடைய அண்ணன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 171 வாங்கிக் கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்திருந்தான், விடுதியோடு, வங்கிக் கடனோடு. தங்கை அண்ணனைவிட ஆறு அதிகம். அண்ணனுக்குக் கோவை நடைமுறை. தங்கைக்குத் திருநெல்வேலி தாண்டினால் கனவு. அவள் அம்மா பீடி சுற்றுபவர். "அவன் ஆம்பளப் பய, எங்கயும் கெடந்துக்கிடுவான் டீச்சர். இவள அவ்வளவு தூரம் விட்டுட்டு நான் எப்படி நிம்மதியா தட்டு முன்னால உக்காருவேன்?" என்றார்.

இதில் பணத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வேடிக்கையாக இருந்தது. மகனை மெட்ரிக் பள்ளியில் பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள். மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கூடவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். செலவு செய்யாமல் வளர்த்த பிள்ளைக்கு இன்று செலவில்லாமல் சீட். அந்த ஒதுக்கீட்டில் 177 என்பது சுமாரான மதிப்பெண்ணே கிடையாது. காரைக்குடி, கோவை, சென்னை என்று அரசுக் கல்லூரிகளின் வாசல்வரை போய்க் கேட்கக்கூடிய எண். பணம் என்ற காரணத்தை எடுத்து ஓரமாக வைத்தபின்னும் பட்டியல் ஒன்பதாகவே இருந்தது.

இதுவே 197 வாங்கியிருந்தால்? வீடு தானாக வழிவிட்டிருக்கும். தலைமையாசிரியர் சால்வை போடுவார், பேப்பர்க்காரர் வருவார், "கிண்டியில சீட்டு கெடைச்சத வேண்டாங்க முடியுமா?" என்று அதே அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கி ரயிலேறுவார். நான் பார்த்திருக்கிறேன். அதே சென்னை, அதே ரயில், அதே விடுதி. இருபது மதிப்பெண் கூடினால் ஆபத்து குறைந்துவிடுகிறதா? ஆபத்து குறையவில்லை. அனுமதி வாங்கப் போதுமான விலையை அவள் கட்டிவிட்டாள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் ஒழுக்கக் கேள்வி இதுதான்: ஒருத்தி ஊரைவிட்டு வெளியே போய்ப் படிப்பதற்கான உரிமையை மதிப்பெண்ணால் சம்பாதிக்க வேண்டுமா? பையனுக்குப் பிறந்தபோதே கிடைத்த ஒன்றைப் பெண் பரிசாகத்தான் வாங்க வேண்டும் என்றால், பரிசு வாங்காத பெண்கள் எங்கே போவார்கள்?

பெண்கல்வி வரலாற்றையும் நாம் பரிசு வாங்கியவர்களின் வரலாறாகவே சொல்கிறோம். 1940-களின் தொடக்கத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்த அ. லலிதாவைப் பற்றி நானும் வகுப்பில் சொல்வதுண்டு. 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவரோடு லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியல் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். கேட்கும் பிள்ளைகளுக்குக் கண் விரியும். ஆனால் லலிதாவின் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். அவருடைய திறமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கதவுக்கு உள்ளே நின்று ஒருவர் தாழ்ப்பாளைத் திறந்தார் என்பதை மறைத்துவிட்டால், திறக்காத கதவின் முன்னால் நிற்கும் பெண் தன்னையே குறை சொல்லிக்கொள்வாள்.

'சுமார்' என்ற சொல்லைப் பாருங்கள். பெண்ணின் மதிப்பெண்ணுக்கும் அதைத்தான் சொல்கிறோம், பெண்பார்க்க வந்தவர்கள் முகத்துக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதற்குப் பொருள் ஒன்றே: பேரம் பேசும் வலு உனக்கு இல்லை.

பயத்தைப் பழிப்பது எனக்கு நோக்கமில்லை. அந்த அம்மாவின் பயம் கற்பனையும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. தங்களுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகளில், போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்வது ஆண்களைவிடப் பெண்களிடம் மிக அதிகம் என்று அது காட்டியது. தெருவில் நடக்கும் சீண்டலுக்கு அபராதம் கட்டுவது யார் என்றால், சீண்டப்படும் பெண். கட்டுவது தன் படிப்பிலிருந்து. 2015-இல் தில்லி மாணவிகள் 'கூண்டை உடை' என்று தெருவுக்கு வந்தது விடுதிகளின் நேரக் கட்டுப்பாட்டுக்கு எதிராக. விடுதியில் சேர்த்தாலும் கூண்டு கூடவே வருகிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் நிம்மதிப்பட்டிருப்பார்!

பயத்துக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. இதில் அரசாங்கமே நீண்ட காலம் வீட்டோடு சேர்ந்து கணக்குப் போட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உதவி, படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமுமாகக் கொடுக்கப்பட்டது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரில் தாலித் தங்கம்! 2022-இல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது; மாதம் 1000 ரூபாய் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கல்யாணம் இருந்த இடத்தில் கல்லூரியை வைத்து அரசு தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது. வீடுகள் அவ்வளவு வேகமாகத் திருத்துவதில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரியோ 28 சொச்சம் (2021-22) என்று நாம் பெருமைப்படுகிறோம். படலாம்தான். சேர்ந்தாளா என்று எண்ணும் அந்தக் கணக்கில், எதை விட்டுவிட்டு எங்கே சேர்ந்தாள் என்பதற்குக் கட்டம் இல்லை.

எனக்குக் கடினமான இடம் இனிமேல்தான். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கேட்டேன். "எனக்கே தூரமாப் போகப் பிடிக்கல மிஸ்" என்றாள். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு என் வேலை முடிந்துவிட்டதா? பெண்ணின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று பேசும் நான், அவள் சொன்ன விருப்பத்தை நம்ப மறுக்கலாமா?

எட்டாத பழம் புளிக்கும் என்று நரி சொன்ன கதை நமக்குத் தெரியும். நார்வேயைச் சேர்ந்த தத்துவ அறிஞர் யோன் எல்ஸ்டர் 1983-இல் அந்தத் திராட்சையின் பெயரையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். கிடைக்காது என்று தெரிந்தபின் வேண்டாம் என்று மனம் தன்னைத் திருத்திக்கொள்வதைப் பற்றியது அது. மார்த்தா நுஸ்பாம் இதை நம் பக்கத்து மாநிலத்துக்கே கொண்டுவந்தார். திருவனந்தபுரத்தில் செங்கல் சூளையில் வேலை செய்த ஜெயம்மாவைப் பற்றி எழுதுகிறார்: ஆண்கள் காலப்போக்கில் கல் அறுக்கும் வேலைக்கு உயர்வார்கள், கூலி கூடும்; பெண்கள் கடைசிவரை தலையில் கல் சுமப்பார்கள். ஜெயம்மா அதை அநியாயம் என்று நினைக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அவர் புகார் சொல்லவில்லை என்பதால் அநியாயம் இல்லை என்று ஆகிவிடாது.

நரி கதையில் நரிக்குத் திராட்சை தின்ற நினைவாவது இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் தனியாக ரயிலேறியதில்லை. பார்க்காத பழத்தைப் புளிக்கும் என்றும் சொல்ல முடியாது, இனிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே அவள் சொன்னதைப் பொய் என்றோ, ஏமாற்றிக்கொள்கிறாள் என்றோ நான் தீர்ப்பு எழுதத் தயாரில்லை. அப்படி எழுதினால் அப்பாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தவளாவேன். தூரம் என்பதே விடுதலை என்றும் நான் நம்பவில்லை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியை விட்டுவிட்டு, ஆய்வகமும் ஆசிரியரும் சரியில்லாத ஏதோ ஒரு கல்லூரிக்குச் சென்னை என்ற பெயருக்காகப் போகிறேன் என்று ஒருத்தி வந்தால், உட்காரு என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரிலிருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் பல வீடுகளுக்குத் தூரம்தான்.

நான் செய்வது ஒன்றுதான். இரண்டு தாளில் எழுதச் சொல்வேன். முதல் தாளில், வீட்டில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு, ரேங்க் மட்டும் பார்த்து ஒரு பட்டியல். இரண்டாவது தாளில் வீட்டுப் பட்டியல். முதல் தாளில் இருந்து இரண்டாவதில் இல்லாத ஒவ்வொரு கல்லூரிக்கும், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். மெக்கானிக்கல் காணாமல் போயிருக்கும். காரணம் கேட்டால் 'பொண்ணுங்க எடுக்க மாட்டாங்க'. சில காரணங்கள் எழுதியதுமே நிற்கும்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நான்தான் பார்க்க வேண்டும். (அண்ணன் ஏன் பார்க்கக் கூடாது என்பது அடுத்த தாள்.) சில காரணங்கள் எழுத வரும்போதே பேனா நின்றுவிடும்.

177 வாங்கியவள் முதல் தாளில் பதினாறு எழுதினாள். எட்டு கல்லூரிகள் மட்டுமே இரண்டு தாளிலும் இருந்தன. வீட்டுத் தாளில் இருந்த ஒன்றை அவளே விட்டுவிட்டாள், கல்லூரிப் பேருந்து வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை என்றாள். காரைக்குடிக்கு எதிரே 'தூரம்' என்று எழுதினாள். கோவைக்கு எதிரே எழுத ஆரம்பித்து, அண்ணன் அங்கேதானே இருக்கிறான் என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்தத் தாளை அம்மாவிடம் அவளே படித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, பாதுகாப்பைப் பற்றி நான் எதிர்பார்த்த எதையும் கேட்கவில்லை. "மேல எழுதுனா கீழ உள்ளது போயிராதுல்லா டீச்சர்?" என்றார். போகாது என்று, கணினி படிக்கும் முறையை ஒரு பீடித் தட்டைக் காட்டி விளக்கினேன். அப்பாவிடம் பேசச் சாயங்காலமாகும் என்றார்கள்.

விருப்பங்களைப் பதிவுசெய்யக் கொடுத்திருந்த கைபேசி எண் அண்ணனுடையது. கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கோவைக்குப் போன் போட்டாள்.