பழம் கிடைக்காத பயணம் வீணா?

வேலும் மயிலும் துணை!

சின்ன வயசுல இருந்து நாம கேட்ட கதைதான். ஞானப்பழத்துக்கு ஒரு போட்டி. பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிட்டார். நம்ம முருகன் மயிலேறி உலகத்தையே சுற்றி வந்தும் கையில் ஒன்றும் இல்லை. அப்படின்னா அந்தப் பயணம் வீணா? "எதுக்குப்பா இந்த அலைச்சல்?" என்று வீட்டில் நம்மைக் கேட்பதும் இதே கேள்விதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தைப்பூச நேரம். எனக்கு வேலை போய் நாலு மாசம். அறையை விட்டு வெளியே வரப் பிடிக்காது. ராத்திரி மூணு மணி வரை போன். நண்பன் ஒருத்தன் விடாப்பிடியாக, திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடக்கக் கூட்டிட்டுப் போனான். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

முதல் நாளே காலில் கொப்புளம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள், பையில் இருந்ததில் பாதி தேவையே இல்லாத பாரம் என்று புரிந்துவிட்டது. வழியில் ஒரு அம்மா சுக்கு காபி கொடுத்து, "கால் வலிக்குதா சாமி?" என்று கேட்டார். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தவன், விடியும்வரை அசையவில்லை.

திரும்பி வந்ததும் வேலை கிடைத்தது என்று எழுதினால் அது பொய். அதற்கு இன்னும் ஆறு மாசம் ஆனது. ஆனால் அந்த ஆறு மாசத்தை என்னால் தாங்க முடிந்தது. "இன்னும் 60 கிலோமீட்டர்" என்று நினைத்தால் கால் நகராது. "அடுத்த மைல்கல் வரை" என்றால் நகரும். ரோடு கத்துக்கொடுத்தது அவ்வளவுதான்.

இது பிரச்சினையிலிருந்து தப்பி ஓடுவது இல்லையா? நானும் யோசித்தேன். அருணகிரிநாதரைப் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறியவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது மரபு. பிறகு அவர் ஒரே இடத்தில் முடங்கவில்லை. 200க்கும் மேற்பட்ட தலங்களைப் பாடினார். ஓடுகிறவன் பின்னால் பார்த்துப் பயப்படுகிறான். யாத்திரை போகிறவனுக்கு முன்னால் ஒரு மலை தெரிகிறது. வித்தியாசம் அதுதான்.

பழனியில் காலையில் ஆண்டிக் கோலம், சாயங்காலம் ராஜ அலங்காரம். ஒரே முருகன், ஒரே நாள். எல்லாத்தையும் விட்டுட்டுப் போகவும் தெரியணும், திரும்பி வந்து பொறுப்பை ஏற்கவும் தெரியணும். ரெண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மனசு சோர்ந்துபோகும்.

எல்லாராலும் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. முட்டிவலி உள்ள பாட்டிக்குத் தெருமுனைக் கோயிலே பழனி. பிள்ளையாரும் சுற்றத்தானே செய்தார்! தூரம் முக்கியமில்லை, எழுந்து கிளம்புவதுதான் முக்கியம். இந்த செவ்வாய்க்கிழமை, பக்கத்தில் நீங்கள் இதுவரை போகாத ஒரு முருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். வழியில் ஒருத்தரிடமாவது நாலு வார்த்தை பேசுங்கள். மனசு ரொம்ப பாரமாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள், நம்புகிற ஒருத்தரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னை ஒருத்தன் அப்படித்தான் கூட்டிட்டுப் போனான்.

முருகனுக்குப் பழம் கிடைக்கவில்லை. ஆனால் அவன் போய் நின்ற மலைக்கு இன்றைக்கும் ஊரே நடக்கிறது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!